மரண அறிவித்தலைப் படமாகப் போட்டால் யார் இறந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

2025 ஜனவரி 26, மாலை

நேற்று ஒரு வாசகர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "கண் தெரியாத ஆட்கள் முகநூலில் என்னத்தைப் பார்க்கப் போகிறார்கள்? அவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நாங்கள் ஏன் கட்டுரை எழுத வேண்டும்? அதுதான் இப்போது ஏஐ எல்லாவற்றையும் வாசிக்கிறதே."

கேட்டவர் எங்கள் ஊர்த் தம்பிதான். கோபம் வரவில்லை, மனதில் இருந்ததைக் கேட்டிருக்கிறார். நான் முகநூலில் என்ன பார்க்கிறேன் என்றால், யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த ரோட்டில் வெள்ளம் நிற்கிறது, பாரைமீன் என்ன விலை, எந்தக் கழகத்துக்குள் சண்டை. தம்பி பார்க்கிற அதே விசயங்கள்தான். எனக்குச் சீனி வருத்தம் விழித்திரையைத் தின்று பார்வை போனது பிறகுதான், அதற்கு முதலே வம்பு கேட்கிற பழக்கம் இருந்தது.

எப்படிப் பார்க்கிறேன் என்று தெரியாதவர்களுக்கு: அண்ட்ராய்ட் போனில் டாக்பேக் என்று ஒன்று கூடவே வருகிறது, ஐபோனில் வொய்ஸ்ஓவர், கணினிக்கு என்விடிஏ (இலவசம், அவுஸ்திரேலியாவில் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கியது). திரையில் விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக வாசிக்கும், இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். எழுத்தாக இருப்பதை எல்லாம் வாசிக்கும். படத்துக்குள் இருக்கிற எழுத்து அதற்கு எழுத்து இல்லை, வெறும் படம்.

அதே நாள் இரவு

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் "ஒரு உதாரணம் சொல்லுங்கள் அண்ணை" என்று கிடக்கிறது. சரி.

எங்கள் ஊர்க் குழுக்களில் மரண அறிவித்தல் எப்படி வரும் என்று தெரியும்தானே. பூ வளையம், குத்துவிளக்கு, நடுவில் ஆளின் படம், இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் திருகோணமலை உவர்மலையை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார், அவரின் அன்புக் கணவர், இவர்களின் பாசமிகு தந்தை, தகனம் எத்தனை மணிக்கு, எந்த மயானம், தகவல் குடும்பத்தினர். அத்தனையும் ஒரே படம். பதிவில் எழுத்தாக ஒரு சொல் கிடையாது, மிஞ்சினால் இரண்டு கைகூப்பல். என் காதில் விழுவது: "மே பி அன் இமேஜ் ஆஃப் வன் பெர்சன் அண்ட் டெக்ஸ்ட்." ஓம், ஒரு ஆளும் எழுத்தும். மரண அறிவித்தல் என்றால் அது சரிதான்.

அதற்குக் கீழே கருத்துகள். ஆழ்ந்த அனுதாபங்கள். ஓம் சாந்தி. நம்பவே முடியவில்லை. போய் வாருங்கள் சேர். சேர் என்றதும் எனக்கு நெஞ்சு திக் என்றது, படிப்பித்த ஆள். இன்னும் கீழே போனேன், "எங்களுக்குக் கணக்குக் காட்டித்தந்த மனுசன்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர்களில் இரண்டு பேர் அப்போது ஊரில் இருந்தார்கள். யார் வீட்டுக்குப் போன் எடுப்பது? ஒருவருடைய நம்பர்தான் என்னிடம் இருந்தது, எடுத்தேன். அவரே பேசினார். "என்னடாப்பா, சுகமா?" என்றார். சுகம் சேர், சும்மாதான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு, அவர் மற்றச் சேர் போய்விட்டதைச் சொல்லி அழுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அந்த அறிவித்தலில் இருந்த ஏழெட்டு வரியை யாராவது பதிவிலும் தட்டியிருந்தால் இந்தக் கூத்து இல்லை. நான் கேட்கிற கட்டுரை அவ்வளவுதான்.

ஜனவரி 29

"குடும்பத்தார் துக்கத்தில் இருக்கும்போது தட்டெழுதிக்கொண்டு இருப்பார்களா?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் குடும்பத்தார் செய்ய வேண்டியதில்லை. படத்தைச் செய்கிறவர் அச்சகத்தில் இருக்கிற பையன், அந்த வாசகத்தை அவன் ஏற்கெனவே கணினியில் அடித்துவிட்டான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவன் அடித்தது பாமினியில்.

பாமினி எழுத்துரு பற்றி இளம் ஆட்களுக்காக: அது தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. திரையில் "அம்மா" என்று தெரியும், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். "தமிழ்" என்று தெரியும், உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண்ணால் பார்க்கிறவருக்கு வித்தியாசமே இல்லை. என் போன் உள்ளே இருப்பதை வாசிக்கும். பாமினியில் செய்த ஒரு பிடிஎஃப் விண்ணப்பத்தை ஒருமுறை திறந்தேன், யாரோ நித்திரையில் ஆங்கில எழுத்துகளைப் புலம்புவது போல இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து "என்ன மாமா, போன் பழுதா" என்றாள்.

பாமினியை யுனிகோடாக (போனும் கணினியும் தமிழ் என்றே அறிகிற எழுத்துமுறை) மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக எத்தனையோ இருக்கின்றன. வெட்டி ஒட்டினால் ஒரு நொடி. அச்சகப் பையன் படத்தை அனுப்பும்போது கூடவே அந்த யுனிகோடு வாசகத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், போடுகிறவர் இரண்டையும் ஒட்டிவிடலாம். எங்கள் பக்கத்து அச்சகத்தில் இதைச் சொன்னேன். "அண்ணை, இதுக்கு யாரும் காசு தரமாட்டினம்" என்றான். பிறகு செய்கிறேன் என்றும் சொன்னான். பார்ப்போம்.

பெப்ரவரி 2

ஏஐ. இதைத்தான் எல்லாரும் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள்.

முகநூல் 2016 ஏப்ரலில் படங்களுக்குத் தானியங்கி விளக்கம் கொண்டுவந்தது, முதலில் ஐபோனில் ஆங்கிலத்துக்கு மட்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால், அதே வருடம் மார்ச்சில், ட்விட்டரில் நாங்களே படத்துக்கு மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிற வரி, டாக்பேக் போன்றவை அதை வாசிக்கும்) எழுதுகிற வசதி வந்தது. இன்ஸ்டகிராமுக்கு 2018 நவம்பரில்தான். ஆக வசதி இல்லாமல் இல்லை, வருடக்கணக்காக இருக்கிறது.

இப்போதைய செயலிகள் அதைவிட எவ்வளவோ முன்னேறிவிட்டன. படத்தைக் கொடுத்தால் சட்டை நிறத்தில் இருந்து பின்னால் தெரிகிற சுவர்க்கடிகாரம் வரை சொல்லும். நானும் பாவிக்கிறேன், அதை இல்லை என்று சொல்லமாட்டேன், நள்ளிரவில் மருந்துப் பெட்டியைப் பிடித்து எது சீனிக் குளிசை என்று கேட்க ஆள் தேடவேண்டியதில்லை. ஆனால் போன மாதம் ஒரு மரண அறிவித்தலைக் கொடுத்தேன். பெயரைச் சரியாகச் சொன்னது, ஊரைச் சொன்னது, தகனம் பி.ப. 8 மணி என்றது. இரவு எட்டு மணிக்கு எங்கள் மயானத்தில் யார் தகனம் செய்கிறார்கள்? 3 என்பதை 8 என்று வாசித்திருக்கிறது, பூ வளையத்தின் ஒரு இலை எண்ணுக்கு மேலே விழுந்திருந்ததாம், என் அக்கா பார்த்துச் சொன்னார். வழக்கம் தெரிந்தபடியால் சந்தேகப்பட்டேன். அதே செயலி குளிசையின் அளவை இப்படி வாசித்தால் எனக்கு எந்த வழக்கம் வந்து கைகொடுக்கும்?

இன்னொன்று. படத்தைச் சேமித்து, செயலியைத் திறந்து, கொடுத்து, காத்திருந்து கேட்க வேண்டும், டேட்டாவும் போகும். ஒரு படத்துக்குச் சரி. ஒரு குழுவில் ஒரு நாளைக்கு வருகிற படங்களுக்கு? நீங்கள் பெருவிரலால் ஒரு தட்டில் தாண்டிப் போகிறதை நான் ஒவ்வொன்றாக விசாரணை வைக்க வேண்டும்.

பெப்ரவரி 10

குரங்கு.

நேற்று நாடு முழுக்க மின்சாரம் போனதே, பாணந்துறை உபநிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்ததால். மின்சாரம் திரும்பி வந்து முகநூலைத் திறந்தால், விரலைத் தள்ளத் தள்ள "மங்கி", "மங்கி", "மங்கி அண்ட் டெக்ஸ்ட்". நாடே சிரிக்கிறது, கீழே சிரிப்புக் கொட்டிக்கிடக்கிறது, எனக்குக் குரங்கு மட்டும் கிடைத்தது, பகிடி கிடைக்கவில்லை. பகிடிகள் எல்லாம் படத்துக்குள்ளே. மருமகனைப் பிடித்து வாசிக்கச் சொன்னேன், பாதியை வாசித்துவிட்டு "மாமா இது உங்களுக்குச் சொல்ல ஏலாது" என்றான். சொல்ல ஏலாத பகிடிதானே எனக்கு முதலில் வேண்டியது.

அது கிடக்கட்டும். நுரைச்சோலை அனல்மின் நிலைய இயந்திரங்கள் நின்றுபோனதால் இன்றும் நாளையும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு என்கிறார்கள். எந்த வலயத்துக்கு எத்தனை மணிக்கு என்ற அட்டவணை எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது, படமாக. அதுவும் அட்டவணையைத் திரையில் இருந்து பிடித்த போட்டோ, சரிந்திருக்கிறதாம். செயலியிடம் கொடுத்தால் கட்டம் மாறி வாசிக்கிறது. "உவர்மலைக்கு எத்தனை மணி" என்று எழுதிக் கேட்டேன். மூன்று பேர் பதில் சொன்னார்கள், மூன்று பேரும் அதே படத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

நாலாவதாக ஒரு தம்பி நேரத்தை எழுத்தில் தட்டியிருந்தார். பெயர் தெரியாது, நல்லாயிருக்கட்டும்.

பெப்ரவரி 11

கண் தெரியாதவருக்கு மின்வெட்டு நேரம் எதற்கு என்று கேட்டவருக்கு: ஃபேன். இன்சுலின் வைத்திருக்கிற பிரிட்ஜ். போன் சார்ஜ். இன்னும் வேண்டுமா.

பெப்ரவரி 17

இவ்வளவு நேரமும் என் கதையையே சொல்லிக்கொண்டு இருக்கிறேன் என்று ஒருவர் குத்தியிருக்கிறார். அதனால் கிண்ணியா நானாவின் கதை (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்).

நானா தையல்காரர், பிறப்பிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. எனக்குக் கண் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் எதிரெதிரே இருந்தால், நான் பேசுவது அவருக்குக் கேட்காது, அவர் கையால் சொல்வது எனக்குத் தெரியாது. நடுவில் அவருடைய மகள் இருந்தால்தான் கதை ஓடும். வட்ஸ்அப் வந்த பிறகு மகள் தேவைப்படவில்லை. அவர் தட்டுவதை என் போன் வாசிக்கிறது. நான் விசைப்பலகையில் மைக்கை அழுத்திப் பேசினால் அது எழுத்தாகப் போகிறது, மொழிப் பட்டியலில் தமிழ் இலங்கை என்றே தனியாக இருக்கிறது. எங்கள் பேச்சு அதற்கு முழுதாகப் பிடிபடும் என்று இல்லை. இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தித் தையுங்கள் என்று நான் சொன்னது அங்கே எப்படிப் போனதோ, நானா சிரிக்கிற முகங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஆனால் கால்சட்டை சரியாக வந்தது.

அவருக்கு எதிரி குரல் பதிவு. வாடிக்கையாளர்கள் எல்லாம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று பேசி அனுப்புகிறார்கள், அவருக்குக் காது கேளாது என்று தெரிந்த ஆட்களும்! சோம்பல்தான், வேறென்ன. எனக்கோ குரல் பதிவு அமிர்தம். ஆக ஒருவருக்கு வாசல் திறந்தால் மற்றவருக்கு மூடுகிறது என்று சிலர் இங்கே சொல்லலாம், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் எழுத்தாக வந்தது இரண்டு பேருக்கும் வேலை செய்கிறது. என் போன் எழுத்தைக் குரலாக்கிவிடும். குரலை எழுத்தாக்குவதுதான் இன்னும் தமிழுக்கு நொண்டுகிறது. 2024 நவம்பரில் வட்ஸ்அப் குரல் பதிவை எழுத்தாக்கும் வசதியை அறிவித்தது, தொடக்கப் பட்டியலில் தமிழ் இல்லை.

நானா எழுதும் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நாளை கடை இல்லை நான் மூதூர்" என்று எழுதுவார். சிலர் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். அவருடைய முதல் மொழி சைகை, அதற்கு வேறு இலக்கணம், நாங்கள் எழுதுகிற தமிழ் அவருக்கு இரண்டாவதாகப் படித்த மொழி. சிரித்தவர்களில் எத்தனை பேர் சிங்களத்தில் ஒரு வரி பிழையில்லாமல் எழுதுவார்கள் என்று கேட்க ஆசை.

பெப்ரவரி 20

"இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லையா?" இருக்கிறது, அரைகுறையாக.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கானது. 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் கட்டடங்களைப் பற்றியவை: சரிவுப்பாதை, கதவகலம், கழிப்பறை. அதையே எத்தனை அலுவலகங்களில் பார்க்கிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 2007இல் கையெழுத்து வைத்து 2016 பெப்ரவரியில்தான் ஏற்புறுதி செய்தது. அதில் 9ஆம் உறுப்புரை இணையத்தையும் சேர்த்துச் சொல்கிறது, 21ஆம் உறுப்புரை தகவலை எல்லாரும் எடுக்கக்கூடிய வடிவில் தரவேண்டும் என்கிறது. காகிதத்தில் பிழை இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதோ ஒன்றில் சிரமம் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. பதினாறு லட்சத்துக்கு மேல் ஆட்கள். "ஒன்றிரண்டு பேருக்காக" என்று எழுதிய அண்ணைக்கு இது.

ஆனால் சட்டத்தைக் காட்டி ஊர்க் குழு அட்மினை மிரட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை. புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு எங்கள் கரையில்தான், திரியாய் குச்சவெளிப் பக்கமாக ஏறியது. அன்றைக்கு வட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கைகளில் பாதி படங்கள், வரைபடத்தில் சிவப்பு வட்டம். எனக்கு வானொலி இருந்தது, காதும் இருந்தது. நானாவுக்கு அந்தப் படங்கள்தான் இருந்தன, அவருக்கு அவை நன்றாக விளங்கின. ஆகவே படமே போடாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படி விளங்கிக்கொள்ள வேண்டாம். படத்தையும் போடுங்கள், அதில் இருப்பதை எழுதியும் விடுங்கள்.

பெப்ரவரி 23

சம்பூரில் இருந்து ஒருவர் தனிப்பட எழுதினார். யுத்தத்தில் முதுகுத்தண்டில் காயம், கை விரல்கள் மடங்காது, நடுவிரல் மூட்டால் போனைத் தட்டுகிறார். அவருக்குக் கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன, என்னுடைய மாற்று உரைப் பிரசங்கம் எதுவும் அவருக்குத் தேவையில்லை. அவருடைய தலையிடி பொத்தான்கள். விளம்பரத்தை மூடுகிற அந்தச் சின்னப் பெருக்கல் குறியை மூட்டால் தட்டப்போனால் விளம்பரம் திறந்துவிடுமாம். ஓடிபி வரும், ஆறு இலக்கத்தை அடித்து முடிக்க முதல் காலாவதியாகும். திரும்பக் கேட்டால், "அதிக முயற்சிகள், பிறகு வாருங்கள்."

இணைய உள்ளடக்கத்தை எல்லாரும் அணுகுவதற்கான உலக வழிகாட்டியில் 2023 ஒக்டோபரில் வந்த பதிப்பு, பொத்தான் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று விதியாகவே சேர்த்திருக்கிறது. இது ஊராரால் திருத்தக்கூடியது இல்லை, செயலி செய்கிற கம்பனிகள் செய்ய வேண்டியது. முதலில் நான் எல்லாவற்றையும் எங்கள் பழக்கத்தின் தலையிலேயே போட்டுப் பேசியதாக அவருக்குப் பட்டிருக்கிறது. அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அவருடைய பிரச்சினைக்கு நீங்களும் நானும் பதிவில் என்ன எழுதினாலும் பயன் இல்லை.

பெப்ரவரி 24, சின்னக் குறிப்புகள்

கேட்டவர்களுக்குப் பதில், கலவையாக.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களே, என் போனில் ஒரு ஆங்கில அம்மா அதை வாசிக்கிறார். நீங்கள் நலமா என்று கேட்டது எனக்கு ஏதோ இத்தாலி ஊர்ப் பெயர் போலக் கேட்கிறது.

ஹேஷ்டேக்கில் தமிழ்ச் சொற்களை ஒட்டி எழுதினால் மூச்சுவிடாமல் ஒரே சொல்லாக ஓடும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்துப் போட்டுத் தப்பலாம், எங்களுக்குப் பெரிய எழுத்து இல்லை, ஆகவே நடுவில் அடிக்கோடு போடுங்கள்.

ஒரே இமோஜியை வரிசையாகப் போடாதீர்கள். சில போன்களில் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி வாசிக்கும்.

விளக்கம் எவ்வளவு நீளம்? ஒரு பெரியவர் பேரன் பிறந்தநாள் படத்துக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார், பலூன்களின் நிறம் வரிசைப்படி. மனம் நிறைந்தது, ஆனால் கேக் வரமுதல் நான் நித்திரை. அழைப்பிதழ், அறிவித்தல், அட்டவணை என்றால் உள்ள எழுத்து முழுக்க வேண்டும். மற்றப் படங்களுக்கு ஒரு வரி போதும், நண்பனிடம் போனில் சொல்வீர்களே, அந்த அளவு. "பிரட்ரிக் கோட்டை வாசலில் மான் ஒன்று எங்கள் பையில் இருந்த வாழைப்பழத்தை இழுக்கிறது, மனிசி கத்துகிறாள்." எனக்கு அந்தக் கோட்டையும் மான்களும் ஞாபகத்தில் இருக்கின்றன, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு தங்கச்சி, தனக்கு மனிசி கத்தியது போதும், மான் எதற்கு என்கிறாள்.

மாற்று உரைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடிக் களைத்தவர்கள், விடுங்கள். பதிவிலேயே எழுதுங்கள். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் நட்டமில்லை.

மார்ச் 1

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகிறார். வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருக்க வேண்டும், எந்நேரம் எங்கள் ஒழுங்கைப் பக்கம் வருவார் என்று தெரியவேண்டும். ஒரு தம்பி முகநூலில் நேரடியாக ஒளிபரப்புகிறார். நாதஸ்வரம் கேட்கிறது, அரோகரா கேட்கிறது, வெடி கேட்கிறது, சுவாமி எங்கே நிற்கிறார் என்று மட்டும் தெரியவில்லை. "இப்போது எந்த இடம்?" என்று எழுதினேன். "வடிவா இருக்கு" என்று யாரோ பதில் போட்டார்கள்.

அச்சகப் பையனிடம் சொல்ல, அவன் கமெராத் தம்பிக்கு நேரே போன் எடுத்திருக்கிறான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்களாம். (அவன் யுனிகோடு அனுப்பத் தொடங்கிவிட்டான், இரண்டு அறிவித்தல் எழுத்தோடு வந்தது.)

மார்ச் 2

கமெராத் தம்பி இன்று வாயைத் திறந்துவிட்டார். இப்போது மணிக்கூட்டுக் கோபுரத்தடி, இப்போது சந்தை திரும்புகிறோம், சுவாமிக்குப் பச்சைப் பட்டு, முன்னுக்குக் காவடி, இப்போது எனக்கு ஒரு அம்மா சர்பத் தருகிறா, ஐஸ் போட்டிருக்கு, நல்லா இருக்கு. கருத்துப் பகுதியில் ஒருவர் "வாயை மூடு, மேளம் கேட்க விடு" என்று எழுதியிருக்கிறார். அவரும் சொல்வது சரிதான், நல்ல தவில். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு வரி சொன்னால் போதும் தம்பி, சர்பத் எந்த வீட்டில் என்பதை மட்டும் விடாமல் சொல்லுங்கள்.